நிறத்தை அவரே சொல்லட்டும்

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் வீடியோ கேமை ஆட வருகிறவர்கள் முதன்முதலில் நுழைகிற டன்ஜனின், அதாவது குழுவாகப் போய் எதிரிகளை வீழ்த்த வேண்டிய இடத்தின், பெயர் சஸ்டாஷா. லெவல் 15இல் வரும். கடலோரக் குகை, உள்ளே கொள்ளையர் கூட்டம். நான்கு பேர் கொண்ட பார்ட்டி: அடி வாங்க ஒரு டேங்க், உயிர் ஏற்றிக்கொண்டே இருக்க ஒரு ஹீலர், அடிப்பதற்கு இரண்டு பேர். உள்ளே போனால் ரத்தக்கறையோடு ஒரு துண்டுச்சீட்டு கிடக்கும். அதில் ஒரு நிறம் குறித்திருக்கும். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பவளப்பாறைகள் வரும். சீட்டில் சொன்ன நிறத்தைத் தொட்டால் ஒரு மிருகம் பாயும்; அதைச் சாய்த்தால் மறைவாக இருக்கும் விசை கிடைக்கும், கதவு திறக்கும். நிறம் ஒவ்வொரு தடவையும் மாறும்.

இதைப் புதிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு எளிது. ஆனாலும் முதல் தடவை அந்தச் சீட்டையும் பாறையையும் நானாக முடிச்சுப் போட்டுப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடடா, நமக்கும் இது வருகிறதே என்று.

நான் ஹீலர். பல வருஷமாக அந்த ஒரே வேலைதான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. ரூலெட்டில் பெயர் கொடுத்தால் எந்த டன்ஜன் வரும் என்று நமக்குத் தெரியாது, சஸ்டாஷா அடிக்கடி வரும். இத்தனை தடவை போனவளுக்கு அந்தச் சீட்டு கண்ணில்கூடப் படாது. எல்லாப் பாறையையும் தொட்டுப் பார்த்தால் போயிற்று, எதற்கு நின்று படிக்க வேண்டும்?

ஒரு நாள் இரவு டேங்க் புதியவர். இந்த ஆட்டத்தில் புதியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு குட்டி முளை தெரியும், மண்ணிலிருந்து இப்போதுதான் எட்டிப் பார்த்த மாதிரி. உள்ளே நுழைந்ததும் திரையிலும் ஓர் அறிவிப்பு வரும்: இந்தக் குழுவில் முதல் முறையாக வருபவர் இருக்கிறார், முடித்தால் உங்களுக்குக் கூடுதல் பரிசு. ஆகவே தெரியவில்லை என்று நாங்கள் யாரும் தப்பிக்க முடியாது. அடிக்கிற இரண்டு பேரும் முன்னால் ஓடிவிட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் டேங்கைக் காணோம். அவர் அந்தச் சீட்டின் முன்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் இங்கே ஒருவர் பாறைகளை வரிசையாகத் தொட்டு, மிருகம் வந்து, அதன் பாதி உயிர் போயும் விட்டது. அவர் ஓடி வந்து சேர்ந்தார். சாட்டில் ‘சாரி’ என்று எழுதினார். இன்னொரு ‘சாரி’. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது.

யாரும் அவரைத் திட்டவில்லை. ‘பரவாயில்லை’ என்றுகூட ஒருவர் எழுதினார். கடைசிப் பாஸ், அதாவது டன்ஜன் முடிவில் வரும் பெரிய எதிரி, விழுந்ததும் அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். அடுத்த நாள் பகல் முழுக்க அந்த மூன்று சாரியும் என்னை அரித்துக்கொண்டே இருந்தன. படிக்க வேண்டிய ஒரு சீட்டைப் படித்ததற்கு ஒரு மனிதர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

புதியவர்களை விரட்டுவது வசைதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ‘நூப்’ என்று கத்துகிறவர்கள், தோற்றால் பழி போடுகிறவர்கள். அவர்களை மியூட் செய்துவிடலாம், புகாரும் கொடுக்கலாம். அவசரமாக ஓடுகிற நல்லவர்களை என்ன செய்வது? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

இப்போது சஸ்டாஷாவில் முளை வைத்த ஆள் வந்தால் ஒரே ஒரு காரியம் செய்கிறேன். சீட்டின் பக்கத்தில் போய் என் பாத்திரத்தைத் தரையில் உட்கார வைத்துவிடுவேன். உட்காருவதற்கென்று தனி கட்டளை உண்டு. ஹீலர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் ரொம்ப தூரம் ஓட மாட்டார்கள். உயிர் ஏற்ற ஆள் வேண்டுமே! அப்புறம் சாட்டில் ‘என்ன நிறம்?’ என்று மட்டும் கேட்பேன். எனக்குத் தெரியாத மாதிரி. பல சமயம் பதில் வர நேரமாகும். ஒரு தடவை மிக நீண்ட மௌனத்துக்குப் பிறகு ‘புளூ!!’ என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு வந்தது. அந்த ஆள் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நீலப் பாறையைத் தொட்டார். இதற்கு ஆன செலவு ஒரு நிமிஷம் இருக்கலாம்.

இதைப் பெரிய தியாகம் மாதிரி சொல்லவில்லை. ஆட்டத்தை வடிவமைத்தவர்களே இந்த அவசரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கதையின் முதல் பாகம் முடிகிற இடத்தில் நீளமான காட்சிகளோடு இரண்டு பெரிய டன்ஜன்கள் உண்டு. பழையவர்கள் காட்சிகளைத் தாண்டிவிட்டு ஓட, புதியவர்கள் உட்கார்ந்து பார்க்க, பார்த்து முடிப்பதற்குள் சண்டையே முடிந்திருக்கும். தன் கதையின் உச்சக்கட்டத்தைத் தானே தவறவிடுவது! 2018இல் அந்தக் காட்சிகளை யாருமே தாண்ட முடியாதபடி ஆக்கினார்கள். பழையவர்கள் அந்த நேரத்தில் துணி மடிக்கப் போனார்கள். நானும் மடித்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய பாடு. வாய் துறுதுறுக்கும். இதற்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டேன்: அவர் இன்பத்தைக் கெடுக்காத, ஆனால் தெரியாவிட்டால் அவதிப்படுகிற விஷயமா? சொல்லலாம். உதாரணத்துக்கு, வாளும் கேடயமும் எடுத்து டேங்க் ஆகிறவர்களுக்கு லெவல் 10இல் அயர்ன் வில் என்று ஒரு திறன் வரும். ஒருமுறை அழுத்தி வைத்தால் எதிரிகளின் கோபமெல்லாம் அவர் மேல் திரும்பும். அதை அழுத்த மறந்தால் எதிரிகள் நேராக ஹீலர் மேல், அதாவது என் மேல் பாய்வார்கள். ‘டேங்க் சரியில்லை’ என்று எழுதினால் அந்த ஆளுக்கு எதுவும் விளங்காது. ‘அயர்ன் வில்லை ஒருதரம் அழுத்திப் பாருங்கள், எல்லாம் உங்களைத் தேடி வரும்’ என்று எழுதினால் அடுத்த நொடியே வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பார். திறனின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவர் திரையில் தேடிக் கண்டுபிடிக்க. ஒரு சமயத்தில் ஒன்றுதான். அது கைவந்த பிறகு அடுத்தது. பாஸ் எப்படி அடிப்பான் என்பதை மட்டும் நானாகச் சொல்வதில்லை, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். செத்தால் எழுப்பிவிடத்தானே நான் இருக்கிறேன்.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வாய்ஸில் வாங்க, ஈஸியாகச் சொல்லித் தருகிறேன்’ என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் முன்பின் தெரியாத நான்கு குரல்களுக்கு நடுவில் போய்ப் பேசுவது எல்லோருக்கும் எளிதல்ல. பெண் குரல் கேட்டதும் மாறுகிற அறைகள் எனக்குத் தெரியும், அதனால் நானே ரொம்ப நாள் மைக்கைத் தொட்டதில்லை. பேசாதவர் கற்றுக்கொள்ள விரும்பாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டச்சு போதும்.

சரி, இப்போது நான் சொதப்பிய கதை.

என் சித்தி பையன் மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு என்ற மிருக வேட்டை ஆட்டத்தை ஆட ஆரம்பித்தான். ஐஸ்போர்ன் விரிவாக்கம் வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நான் அதற்குள் ஐஸ்போர்னில் குடியேறிவிட்டேன், அவன் சீக்கிரம் அங்கே வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. கவனியுங்கள், என் ஆசை. புதியவர்கள் பழைய கதையை விறுவிறுவென்று தாண்டி வரட்டும் என்று ஆட்டத்திலேயே டிஃபெண்டர் என்ற பெயரில் ஆயுதங்களும் கார்டியன் என்று ஒரு கவசமும் ஆரம்பத்திலேயே வைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்துக்கு மிஞ்சிய வலு. ‘அதை எடுத்துப் போட்டுக்கோடா’ என்றேன். கூடவே நானும் எல்லா வேட்டைக்கும் போனேன்.

அஞ்சநாத் என்று ஒரு மிருகம் வரும். டைனோசர் மாதிரி உடம்பு, வாயில் நெருப்பு. பெயரிலேயே ‘அஞ்ச’ இருப்பது ரொம்பப் பொருத்தம். அந்த ஆட்டத்தில் பலருக்கு அதுதான் முதல் சுவர். மூன்று தடவை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வி. அதுவும் கூட்டமாகப் போனால் ஆளுக்கு மூன்று இல்லை, எல்லோருக்கும் சேர்த்தே மூன்று. நான் அஞ்சநாத்திடம் எத்தனை தடவை தோற்றேன் என்று எண்ணியதில்லை. எப்போது உருள வேண்டும், எப்போது வாளை உறையில் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது அதுதான். சித்தி பையனுக்கு அது அரைப் பொழுதுபோக்குக்குக்கூட ஆகவில்லை. பெரிய வாளை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்று வீசினான், நான் அந்தப் பக்கம் அடித்தேன், விழுந்துவிட்டது. ‘அவ்வளவுதானாக்கா?’ என்றான். எனக்குப் பெருமை வேறு.

ஐஸ்போர்னில் பாரியாத் என்ற மிருகம் வந்தது. பனியில் தாவித் தாவி அடிக்கும். அங்கே டிஃபெண்டர் ஆயுதத்தின் பவிசு செல்லாது. அவனுக்கு உருளத் தெரியவில்லை, எங்கே நிற்பது என்று தெரியவில்லை, எந்த அசைவுக்கு அப்புறம் எந்த அடி வரும் என்று பார்க்கிற பழக்கமே வரவில்லை. வரவிடாமல் செய்தவள் நான். ஒரே ராத்திரியில் ஆறு தடவை போய், ஆறு தடவையும் தோற்றோம். ‘எனக்கு இது செட் ஆகலக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனவன் அந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நூறு மணி நேரம் ஆடியிருக்க வேண்டியவன். சொந்தக்காரப் பையன் ஆயிற்றே என்று தூக்கிக்கொண்டே நடந்தேன், இறக்கி விட்டபோது அவனுக்குக் கால் ஊன்றத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியை ஈவ் ஆன்லைனில் பார்க்கலாம். 2003இலிருந்து ஓடுகிற விண்வெளி ஆட்டம். ஏமாற்றுவது, கொள்ளையடிப்பது, முதுகில் குத்துவது எல்லாம் அங்கே ஆட்டத்தின் பகுதிதான். அப்படிப்பட்ட காட்டில் ஆட்டக்காரர்களே சேர்ந்து 2004இல் ஈவ் யுனிவர்சிட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பதுதான் வேலை, இன்றும் நடக்கிறது. புதியவர்கள் முதலில் வந்து இறங்குகிற சில நட்சத்திர மண்டலங்களில் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆட்டத்தை நடத்துகிறவர்களும் விதி வைத்திருக்கிறார்கள். இழக்க முடியாத கப்பலில் ஏறாதே என்பது அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. புதியவர்களைச் சேர்க்கிற குழுக்கள் மலிவான கப்பல்களைக் கையில் கொடுத்து நேராகச் சண்டைக்கே கூட்டிப்போகும். கப்பல் போகும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். போனால் இன்னொன்று. சித்தி பையனுக்கு நான் செய்திருக்க வேண்டியது அதைத்தான்: தோற்பதற்கு வசதியாக ஓர் இடம்.

அளவாக உதவுவதற்கு எல்டன் ரிங் ஒரு நல்ல பள்ளிக்கூடம். அதில் தரையில் குறிப்பு எழுதி வைக்கலாம், வேறு உலகத்தில் ஆடுகிறவர் திரையில் அது தெரியும். ஆனால் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. கொடுத்திருக்கிற வார்த்தைகளைக் கோத்துத்தான் எழுத வேண்டும். முன்னால் கவனம், பின்னால் எதிரி, இப்படி. பக்கம் பக்கமாக விளக்க வழியே இல்லாததால், மூலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவரே போய்த்தான் பார்க்க வேண்டும். நம் குறிப்பை யாராவது பாராட்டினால் அந்த நொடியில் நம் உயிர் ஏறும். ஒரு பாஸிடம் சாகக் கிடந்தபோது, எப்போதோ எங்கோ எழுதியதற்கு வந்த பாராட்டில் நான் பிழைத்திருக்கிறேன். மலை முகட்டில் ‘குதித்துப் பார்’ என்று எழுதி வைக்கிற புண்ணியவான்களும் உண்டு. நம்பிக் குதித்த பட்டியலில் என் பெயரும் உண்டு.

போன வாரம் சித்தி பையன் கூப்பிட்டான். இப்போது அவன் டீப் ராக் கேலக்டிக்கில் பெரிய ஆள். நான்கு குள்ளர்கள் குகைக்குள் இறங்கித் தாது வெட்டுகிற ஆட்டம். எனக்கு அது முதல் நாள். குண்டு தீர்ந்ததும், புதுக் குண்டுகளோடு ஒரு பெட்டி மேலிருந்து வந்து இறங்கியது. குகையில் வெட்டியெடுக்கிற நைட்ரா என்ற தாது 80 சேர்த்தால்தான் அதை வரவழைக்க முடியும், அதில் நான்கு பங்கு, ஆளுக்கு ஒன்று. எனக்கு எப்படித் தெரியும்? இரண்டை எடுத்துவிட்டேன். கூட வந்த முகம் தெரியாத இருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் பிக்காசியைத் தூக்கி ‘ராக் அண்ட் ஸ்டோன்’ என்று முழங்கினார், அந்த ஆட்டத்தில் வணக்கம், நன்றி, பரவாயில்லை எல்லாவற்றுக்கும் அதுதான். சித்தி பையன் மட்டும் காதுக்குள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தான். “அக்கா அங்க போகாத, இங்க வா, அது வெடிக்கும், இதை வெட்டு, இல்ல இல்ல நான் வெட்டிடறேன், நீ சும்மா பின்னால வா.”

“டேய், கொஞ்சம் இருடா. நானே பார்க்கறேன்.”

நிறுத்திவிட்டான். விளக்கு வெளிச்சம் எட்டாத பக்கமாக நான்கு அடி நடந்தேன், ஐந்தாவது அடியில் பள்ளத்தில் விழுந்து மயங்கிவிட்டேன். அவன் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து என்னை எழுப்பிவிட ரொம்ப நேரம் பிடித்தது. வழியில் வாயே திறக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.