நான்காம் வகுப்பின் மே மாதம்

2012ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. ஊரில் எல்.கே.ஜி.யில் ஆங்கில எழுத்துகளைக் கோடு தாண்டாமல் எழுதப் பழகியிருந்தவளை இங்கே கிண்டர்கார்டனில் சேர்த்தோம். அங்கே எழுத்தும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்திருந்தார்கள். மழை பெய்தாலும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு மண்ணில் விளையாடினார்கள். நாள்கள் வீணாகின்றனவே என்று நான் கலங்கினேன். பள்ளிக்கு முந்தைய ஒன்றரை ஆண்டில், ஜெர்மன் போதாத பிள்ளைகளுக்கென 240 மணி நேர மொழிப் பயிற்சி நாங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் உண்டு. அதில் அவளைச் சேர்த்த பிறகே மனம் அடங்கியது.

அங்கிருந்த ஆசிரியை ஒருவர், வீட்டிலும் ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று அறிவுறுத்தினார். மூன்று வாரம் முயன்றோம். எங்கள் தட்டுத்தடுமாறும் ஜெர்மனைக் கேட்டுக் குழந்தை பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அன்றோடு அதை விட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பினோம். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

2014 செப்டம்பரில் முதல் வகுப்பு. அந்த முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் ஷூல்ட்யூட்டே என்ற பெரிய காகிதக் கூம்பை அணைத்துக்கொண்டு வரும். இரவெல்லாம் உட்கார்ந்து நீலக் காகிதம் ஒட்டி நானே ஒன்று செய்தேன். பென்சில், அழிப்பான், சாக்லேட் ஆகியவற்றுக்கு அடியில் ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாய் ஒரு பொட்டலமும் வைத்தேன். கூம்பு அவள் மார்பளவு இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் புத்தகப் பையும் இரண்டு கால்களும் மட்டுமே தெரிந்தன.

புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஜெர்மனியில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதைத்தான். மாநிலங்கள் பதினாறு, விதிகளும் அப்படியே வேறுபடும். பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு, நாங்கள் வாழும் பவேரியாவில் நான்கே ஆண்டு. ஆகவே வேறு நகரத்து நண்பர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. மதிப்பெண்ணும் தலைகீழ்: ஒன்று என்றால் மிகச் சிறப்பு, ஆறு என்றால் தோல்வி.

பவேரியாவில் நான்காம் வகுப்பின் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். நம் ஊர் டி.சி. போல அது பள்ளி மாறுவதற்கு மட்டுமான தாள் அன்று. பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குத் தகுதி பெற்றிருக்கிறது என்று சொல்லும் தாள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் ஆகிய மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியம்; 2.66 வரை இருந்தால் பத்தாம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலே. மற்றவர்களுக்குத் தொழில் பயிற்சியை ஒட்டிய மிட்டல்ஷூலே. சராசரி எட்டாதவர்கள் மூன்று நாள் சோதனை வகுப்பில் கலந்துகொண்டு முயன்று பார்க்கலாம்.

2018 மே மாதத்தில் என் மகளின் தாளில் கணக்குக்கு இரண்டு, மற்ற இரண்டுக்கும் மூன்று. சராசரி 2.66. ஒரே ஒரு பாடத்தில் ஒரு படி ஏறியிருந்தால் கிம்னாசியம். நீர்ச்சுழற்சி பற்றிய தேர்வுத்தாளை எடுத்துப் பார்த்தேன். விடை அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அம்புக்குறி போட்ட படம் சரியாக இருக்கிறது, அதை விளக்கிய வாக்கியங்கள்தான் உடைந்து கிடந்தன. பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது மிகவும் முன்கூட்டியது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு அந்த நான்கு ஆண்டுகள் மொழியைக் கற்பதற்கே சரியாகிவிடுகின்றன; பாட அறிவை அளக்கும் தேர்வு அங்கே மொழியையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

சோதனை வகுப்பு வேண்டாம் என்று அவளே சொன்னாள், ரியால்ஷூலேயில் சேர்த்தோம். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டவர்களிடம் இதை விளக்க முடியாமல் பல நாள் தவித்தேன். ஆனால் இங்கே ஒரு கதவு மூடினால் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது என்பது மெல்லத்தான் விளங்கியது. பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்கள் எஃப்.ஓ.எஸ். என்னும் தொழில்சார் மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால், நடைமுறைப் பயிற்சியை ஒட்டிப் பட்டம் தரும் பயன்முறைக் கல்லூரிகளிலும், பதின்மூன்றாம் வகுப்பையும் இரண்டாவது அயல்மொழியோடு முடித்தால் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் சேரலாம். 2024இல் மகள் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தாள். பதினோராம் வகுப்பில் பாதி நாள்கள் பட்டறைப் பயிற்சி. முதல் வாரம் முடிந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஓர் இரும்புத் துண்டு. நான்கு பக்கமும் அரம் போட்டு, மூலைமட்டம் வைத்தால் ஒளி புகாதபடி சமன் செய்திருந்தாள். அது இப்போது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பையன் மிட்டல்ஷூலே முடித்து மின்பணியாளர் ஆஸ்பில்டுங்கில் சேர்ந்தான். மூன்றரை ஆண்டுப் பயிற்சி. பெரும்பகுதி நிறுவனத்தில் வேலை, மீதி தொழிற்பள்ளியில் பாடம். முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை. பின்னாளில் மைஸ்டர் என்னும் உயர்தேர்வு எழுதினால் அவனும் பல்கலைக்கழகத்தில் சேரலாம். அவன் பெற்றோர் இதைச் சொல்லும்போது குரலில் துளியும் தயக்கம் இல்லை. நம் மக்கள் இதைக் குறைவாக எண்ணுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

கல்லூரிச் செலவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். பவேரியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2013 குளிர்காலப் பருவத்திலிருந்து பொதுக் கல்விக் கட்டணம் நீங்கியது. பருவத்துக்கொரு சிறு பங்களிப்பு மட்டுமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகப் படிக்க வருபவர்களிடம் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. இங்கேயே பள்ளி முடித்தவர்களுக்கு அது இல்லை.

இங்கேயே பிறந்த என் மகன் வரும் செப்டம்பரில் நான்காம் வகுப்புக்குப் போகிறான். அக்காவின் காலத்தில் வகுப்பாசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு மே மாதத்துக்குப் பிறகே போனேன். இந்த முறை மூன்றாம் வகுப்பிலேயே இரண்டு தடவை போய்விட்டேன். இரவு எட்டு மணிக்கு அவன் எனக்கு ஒரு பக்கம் ஜெர்மனில் வாசிக்கிறான். நான் அவனுக்கு ஒரு பக்கம் தமிழில் வாசிக்கிறேன். என் உச்சரிப்பை அவன் திருத்துகிறான், அவனுடைய ழகரத்தை நான் திருத்துகிறேன்.