விண்டோஸ் அடிக்க முன்னர் அந்தப் பெட்டியை வாசியுங்கள்

கணினியைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்ததும், திரையின் நடுவில் ‘ரன்டிஎல்எல்’ என்ற தலைப்போடு ஒரு சிறிய பெட்டி தோன்றி, இன்ன கோப்பைத் தொடங்குவதில் சிக்கல் ஏற்பட்டது, அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிவிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், “விண்டோஸ் அடிக்க வேணும்”, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவவேண்டும் என்பதுதான். இந்தப் பிழைச்செய்திக்காக மட்டும் ஒரு கணினியை ஃபோமற் செய்வது பெரும்பாலும் தேவையற்றது என்பதையும், அதைச் சரிசெய்யும் வழி எவருக்கும் எட்டாத ஒன்றல்ல என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

டிஎல்எல் என்பது வேறு நிரல்கள் பயன்படுத்துவதற்கான கோப்பு வகை; அது தானாக இயங்காது. அதை இயக்கிக் கொடுக்க ரன்டிஎல்எல்32 என்ற நிரலை விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கிறது. இலவச மென்பொருள் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வரும் அட்வெயார் என்ற விளம்பரத் தொல்லை நிரல், தன் டிஎல்எல் கோப்பைப் பயனரின் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் வைத்துவிட்டு, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதை இயக்கும்படி ஒரு கட்டளையை வேறோர் இடத்தில் எழுதிவைக்கிறது. பின்னர் அன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்து அழித்தாலும், கட்டளை சில வேளைகளில் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே, அந்தப் பெட்டி பெரும்பாலும் கணினி பழுதாகிவிட்டதைச் சொல்வதில்லை. துப்புரவு பாதியில் நின்றுவிட்டதையே சொல்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்னர் கொண்டூயிட் என்ற தேடல் பட்டையை நீக்கியவர்களுக்கு, ‘பக்கிரவுண்ட்கொன்டெய்னர்’ என்ற டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று நாள்தோறும் வந்த செய்தி இந்த வகையைச் சேர்ந்ததே.

கொக்குவிலில் எங்கள் அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் லப்டொப்பில் அண்மையில் இதையே கண்டேன். பாமினி எழுத்துருவில் அவர் பல ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்த வினாத்தாள்களும், மகளின் கலியாணப் படங்களும் அதற்குள் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. பீடிஎஃப் கோப்பை வேர்டுக்கு மாற்றுவதற்கென்று ஏதோவொரு தளத்தில் இறக்கிய இலவச மென்பொருளோடு அட்வெயார் வந்து சேர்ந்திருக்கிறது. நகரிலுள்ள கடையொன்றில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்றார்களாம். அவருடைய விறாந்தையில் இருந்து நாங்கள் முதலில் செய்தது, பெட்டியை மூடாமல் அதிலுள்ள பாதையை ஒரு தாளில் எழுதியதுதான். ஆப்டேட்டாவுக்குள் பொருளற்ற எழுத்துகளால் பெயரிட்ட ஒரு கோப்புறை, அதற்குள் அதே மாதிரியான பெயரில் ஒரு டிஎல்எல். “இல்லாத கோப்பை இது ஏன் தம்பி ஒவ்வொரு நாளும் தேடுது?” என்று கேட்டார். “பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளையின்ரை பெயரை இடாப்பில வெட்டாமல் விட்டால், நீங்கள் ஒவ்வொரு நாளும் கூப்பிடுவீங்கள்தானே, மாஸ்ரர்” என்றேன். அதற்குப் பிறகு எந்த இடாப்பில் அந்தப் பெயர் இருக்கிறது என்று தேடுவதில் என்னைவிட அவரே ஆர்வமாக இருந்தார்.

எதையும் தொடுவதற்கு முன்னர் முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதிசெய்து கொள்ளுங்கள். அடுத்து, நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திகதி வரிசைப்படி பார்த்து, தொல்லை தொடங்கிய நாளில் அறிமுகமில்லாமல் வந்து சேர்ந்தவற்றை நீக்குங்கள். பின்னர் அட்வெயாரை நீக்கும் அட்வ்கிளீனரை ஒருமுறை ஓடவிடுங்கள். 2016 இல் மல்வெயார்பைட்ஸ் நிறுவனம் வாங்கிய இந்தச் சிறு கருவி இன்றும் இலவசம்.

எஞ்சிய கட்டளையைக் கண்டுபிடிக்க ஓட்டோரன்ஸுக்கு நிகரான கருவியை நான் அறியேன். மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகியோரின் சிஸ்இன்டேர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான இது, 2006 இல் மைக்ரோசொஃப்ட்டின் வசமானது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். நிர்வாகி உரிமையோடு திறந்தால், விண்டோஸ் தொடங்கும்போது இயங்குபவை யாவற்றையும் அது ஒரே இடத்தில் காட்டும். கோப்பு இல்லாமல் கட்டளை மட்டும் எஞ்சியிருக்கும் வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். மஞ்சளாக இருப்பதையெல்லாம் அழித்துவிடக் கூடாது. அவற்றுள் தீங்கற்றவையும் இருக்கும். தாளில் எழுதிய பாதையோடு பொருந்தும் வரியின் சரி அடையாளத்தை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, கணினியை மீளத் தொடக்கி, பெட்டி வராவிட்டால் பிறகு அழியுங்கள்.

மாஸ்ரரின் கணினியில், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதி சுத்தமாகவே இருந்தது. ஸ்டார்ட்டப் கோப்புறையிலும் ஒன்றும் இல்லை. கட்டளை ஒளிந்திருந்தது, வேலைகளை நேரம் குறித்து இயக்கும் டாஸ்க் ஷெடியூலரில், ஏதோவொரு அப்டேட் வேலையைப் போன்ற பெயருடன். பலர் டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்று கைவிடுவது இதனாலேதான்; நேரம் குறித்துவைத்த வேலைகளை அந்தப் பக்கம் காட்டுவதில்லை.

செய்யக் கூடாத இரண்டை அழுத்திச் சொல்ல வேண்டும். காணாமற் போன டிஎல்எல் கோப்பின் பெயரைக் கூகுளில் தேடி, எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள். வெளியேற்றிய அட்வெயாரை நீங்களே திரும்ப அழைத்து வருவதாக அது முடியலாம். பெட்டியின் தலைப்பில் பெயர் இருக்கிறதே என்று ரன்டிஎல்எல்32 ஐ அழிக்கவும் கூடாது. சிஸ்டம்32 இல் இருப்பது விண்டோஸின் சொந்த நிரல்.

இணையம் மட்டும் இயங்காமல் நின்றுவிட்டால், இணையத் தொடர்பை வேறொரு வழியாகத் திருப்பும் புரொக்சி அமைப்பைப் பாருங்கள், உங்கள் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியை அட்வெயார் அங்கே விட்டுச் சென்றிருக்கக்கூடும். அச்சுக்கடைகளில் பென் டிரைவைக் கொடுத்து வாங்கியபின், விபிஎஸ் என்ற கட்டளைக் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று செய்தி வந்தால், அது வந்த வழி வேறு என்றாலும், தேடும் முறை இதுவே.

இனி வராமல் இருக்க, மென்பொருளை அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது ‘கஸ்டம்’ முறையைத் தெரிவுசெய்து, கூடவே வருபவற்றின் சரி அடையாளங்களை எடுத்துவிடுங்கள். வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியொன்று 2020 இல் விண்டோஸ் செக்கியூரிட்டியிலேயே சேர்ந்தது. அது இயங்குநிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோமற் செய்வது ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடவுச்சொற்களைத் திருடும் நிரல் புகுந்திருந்தாலோ, நீக்கியது மறுபடியும் மறுபடியும் வந்தாலோ, பிரதி எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுவதே நல்லது. கடையில் கொடுப்பதென்றாலும், பிழைச்செய்தியைப் படம் எடுத்துக் கையோடு கொண்டுபோய், ஓட்டோரன்ஸில் பார்த்தீர்களா, டாஸ்க் ஷெடியூலரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இரண்டையும் பார்க்காமல் அழிக்கச் சொல்பவரிடம் உங்கள் கணினியை விட்டுவிட்டு வர வேண்டாம்.