கிட்டாரில் ‘லூசில்’ வாசிக்கிறவர்களுக்கு

அமெரிக்கப் பாடகர் கென்னி ரோஜர்ஸுக்கு 1977இல் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) பட்டியலில் முதலிடம் வாங்கித் தந்த பாட்டு. டொலிடோ நகர மதுக்கடையில் மோதிரத்தைக் கழற்றும் பெண், பேச்சுக் கொடுக்கும் அந்நியன், தேடி வந்துவிடும் கணவன். கதை அவ்வளவுதான்.

சி, டி மைனர், எஃப், ஜி 7 என்ற நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும். சிக்கல் தாளத்தில்தான். மூன்றெண்ணிக்கை: முதலில் பேஸ் தந்தி (தடித்த தந்தி), பிறகு மெதுவாக இரண்டு ஸ்ட்ரம் (தந்திகளைச் சேர்த்து வருடுவது). நான்கெண்ணிப் பழகிய கை இன்னொரு அடியைத் திணிக்கும், பாடுகிறவர் முந்திவிடுவார். டி மைனரில் நாலாம் தந்தியிலிருந்து தட்டுங்கள். ஆறாவது, அதாவது மிகத் தடித்த தந்தி, பட்டால் அடித்தளம் கலங்கிவிடும். பல்லவி கணவனின் புலம்பல், தயவுசெய்து கத்தாதீர்கள்! எஃப் பாரே (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பிடி) வராவிட்டால் மெல்லிய நான்கு தந்திகளில் மட்டும் பிடியுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.