ஒரு டம்ளர் தண்ணீரில் ஓர் அறை குளிருமா?

கடந்த ஆண்டு கத்திரி வெயில் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, 1,299 ரூபாய் கொடுத்து ஒரு 'மினி ஏசி' வாங்கினேன். கைபேசியில் எதைத் திறந்தாலும் அந்த விளம்பரம்தான் வந்துகொண்டிருந்தது. கதவு சாத்திய படுக்கையறை, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உறங்கும் குழந்தை, பக்கத்து மேசையில் நீல விளக்கு எரியும் சிறு பெட்டி, அதிலிருந்து வெண்புகையாய் வழியும் குளிர், திரையின் ஓரத்தில் 34 என்பதிலிருந்து 18 வரை இறங்கும் ஓர் எண். நான் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவன். தண்ணீர் ஆவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும் என்னும் உள்ளுறை வெப்பக் கணக்கை ஒரு மதிப்பெண் குறையாமல் போட்டவன். இருந்தும் வாங்கினேன். மொட்டைமாடிச் சூடு அப்படியே இறங்கும் வீட்டில், இரவு பதினொரு மணிக்குப் புரண்டுகொண்டிருப்பவனுக்குப் படித்த பாடம் நினைவுக்கு வருவதில்லை.

வந்த பெட்டியைத் திருகாணி கழற்றிப் பார்த்தேன். கணினிக்குள் இருப்பதைப் போன்ற ஒரு சிறு விசிறி, அதன் முன்னால் தண்ணீரை உறிஞ்சிவைக்கும் மெல்லிய அட்டைகள் சில, மேலே 400 மில்லி பிடிக்கும் ஒரு தொட்டி, தண்ணீரை அதிரவைத்துப் புகை போலத் தெறிக்கவிடும் ஒரு சிறு வில்லை, அவ்வளவுதான். 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். கைபேசி சார்ஜரில் செருகினாலே ஓடுகிறது. கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, சூட்டை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லை. ஏசி என்பது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டும் இயந்திரம். இந்தப் பெட்டியோ எதையும் எங்கும் கொண்டுபோவதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த வெப்பம் நீராவியோடு சேர்ந்து அதே அறையிலேயே தங்கிவிடுகிறது. அட்டைப்பெட்டியின் அடிப்புறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், 'பர்சனல் ஸ்பேஸ் கூலர்' என்று போட்டிருந்தார்கள்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சுவர்க் கடிகாரம் ஒன்று வீட்டில் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடங்கும்போது வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 62 விழுக்காடு. பெட்டியின் வாயருகே வைத்தபோது 31.5 வரை இறங்கியது. முகத்தை அங்கே கொண்டுபோனால் இதமாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மீண்டும் 33.6. இரண்டு மணி நேரம் கழித்து, அறையின் நடுவில் வெப்பம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்க, ஈரப்பதம் மட்டும் 71 ஆகியிருந்தது. அதாவது, அறை குளிரவில்லை, புழுங்கியது. மின்விசிறியின் கீழ் உட்காரும்போது நம்மைக் குளிரச் செய்வது நம் வியர்வை காய்வதுதான். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை எளிதில் காயாது என்பதால், இந்தப் பெட்டி எனக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு மேலே சுற்றிய விசிறியின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பள்ளியில் போட்ட கணக்கை அன்றிரவுதான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்வாரியக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. என் பெட்டியின் 400 மில்லி நான்கு மணி நேரம் வருகிறது, எனவே மணிக்கு 100 மில்லி. அது முழுவதும் ஆவியானாலும் கிடைக்கும் குளிர்ச்சி 67 வாட் அளவே. ஒரு டன் ஏசி அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் சுமார் 3,500 வாட். ஐம்பது பெட்டிகளை வாங்கி அடுக்கினால்தான் அந்த அளவுக்கு வரும், அப்போது மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீரை அறைக்குள் ஆவியாக்கியாக வேண்டும், ஒரு குடம் தண்ணீர் மூன்று மணி நேரத்தில் தீரும். இதைவிட எனக்குச் சிரிப்பு வரவழைத்தது வேறொன்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நான் அந்த அறையில் இருப்பதால் கூடும் சூட்டைக்கூட அந்தப் பெட்டியால் ஈடுகட்ட முடியாது.

தொட்டியில் ஐஸ் கட்டி போடச் சொல்லி விளம்பரம் வற்புறுத்துகிறது. 200 கிராம் ஐஸ் உருகும்போது உறிஞ்சுவது, 9 வாட் எல்ஈடி பல்பு ஒன்று இரண்டு மணி நேரம் எரிந்து வெளிவிடும் வெப்பம். அந்த ஐஸைச் செய்வதற்கு அதைவிடக் கூடுதலான சூட்டை ஃபிரிட்ஜ் தன் முதுகுப்புறமாக நம் சமையலறையில் கொட்டியிருக்கும்.

ஈரக்காற்றால் குளிர்விப்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நம் மண்பானையும், சன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் வெட்டிவேர்த் தட்டியும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஆனால் பானைத் தண்ணீர் எல்லா நாளும் ஒரே மாதிரி குளிர்வதில்லை என்பது பானை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். அதற்குக் கீழே இறங்காது என்று ஓர் எல்லை உண்டு, அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வெப்பம் 40 டிகிரியும் ஈரப்பதம் 20 விழுக்காடும் இருக்கும் ராஜஸ்தான் ஊரொன்றில் அந்த எல்லை 23 டிகிரிக்கு அருகில் இருக்கும். 35 டிகிரியும் 65 விழுக்காடும் இருக்கும் சென்னை மாலையில் அது 29க்கு மேல். எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாதபோது, விளம்பரத்தில் வந்த அந்த 18 டிகிரியை எந்தக் கடலோர ஊரில் அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வேலூரில் இருக்கும் என் அத்தை வீட்டில் 50 லிட்டர் கூலர் ஒன்று ஏழெட்டு ஆண்டுகளாக ஓடுகிறது. அதைச் சன்னலுக்கு முன்னால் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து விடுவார்கள். வெளியிலிருந்து வறண்ட காற்று நனைந்து உள்ளே வர, ஈரமான காற்று கதவு வழியே வெளியேறிவிடும். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் அதன் முன்னால் நன்றாகவே தூங்கலாம். மழை வந்த மறுநாள் அதை அத்தையே அணைத்துவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு கூலர் போடாதே என்பது அவர் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம், விளம்பரத்தில் வரும் அறைகளுக்கோ ஒரு சன்னல்கூடத் திறந்திருப்பதில்லை.

வேறு தொல்லைகளும் உண்டு. புகை போல வருவது குளிர் அல்ல, அதிர்வினால் தெறிக்கும் நுண்ணிய நீர்த்துளி. எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றியதில் நான்கே நாளில் மேசையும் மடிக்கணினியும் வெள்ளை உப்புப் படிந்து கிடந்தன. பத்தாம் நாள் அட்டைகளில் பாசி வாடை வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீரைத் தேக்கிவைத்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தபோது, விற்றவர்களின் இணையப் பக்கமே காணாமற்போயிருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் முகவரியே இல்லாத ஒருவருக்கு எந்தக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவது?

பெட்டி இப்போது சமையலறை மேடையில் இருக்கிறது. தோசை வார்க்கும்போது அம்மா அதைத் தன் முகத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்கிறார். அட்டைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார், தண்ணீர் ஊற்றுவதில்லை.