திராட்சையைத் தள்ளிவிட்ட காந்தம்

காயலான் கடையில் செத்துப்போன ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிப் பிரித்தேன். உள்ளே இரண்டு நியோடிமியம் காந்தங்கள். இரண்டும் பாய்ந்து ஒட்டிக்கொண்டபோது நடுவில் என் விரல் இருந்தது, நகம் இன்னும் கறுப்பு.

முதல் ஞாயிறு அடுக்களைக்குப் போனேன். எவர்சில்வர் டம்ளரின் அடியில் காந்தம் ஒட்டவே இல்லை, ஆனால் விளிம்பைச் சுருட்டிய இடத்தில் லேசாக இழுக்கிறது! ஒரே தகடுதானே என்று குழம்பிப்போய் தேடிப் படித்தேன். நிக்கல், மாங்கனீசு மாதிரி உலோகங்களைச் சேர்த்ததும் இரும்பு அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன, அந்த அடுக்கில் அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்பதில்லை. அழுத்தி வளைத்த இடத்தில் மட்டும் அடுக்கு கொஞ்சம் சாதா இரும்பு போல மாறிவிடுகிறதாம்.

அப்புறம் கட்டுக்கம்பியும் தையல் ஊசியும். இரண்டையும் காந்தத்தில் ஒரே திசையில் நாற்பது முறை தேய்த்தேன். காந்தத்தை எடுத்ததும் கம்பி எல்லாவற்றையும் மறந்துவிட்டது, ஊசியோ குண்டூசியைத் தூக்கியது. இரும்புக்குள் சின்னச் சின்ன வட்டாரங்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனிக் காந்தம். மென்மையான கம்பியில் வட்டாரங்களின் எல்லை சுலபமாக நகர்ந்து பழைய நிலைக்கே போய்விடும், கடினமான ஊசி எஃகில் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். அந்த ஊசியையே இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டேன். குண்டூசி அசையவில்லை. இரும்புக்கு 770 டிகிரி தாண்டினால் வெப்பத்தின் ஆட்டம் ஜெயித்து வரிசை கலைந்துவிடும், ஆறும்போது வட்டாரங்கள் மறுபடி உண்டாகும், ஆனால் ஆளுக்கொரு பக்கம். (அடுப்புப் பக்கம் நியோடிமியத்தைக் கொண்டுபோகாதீர்கள், சாதா ரகம் 80 டிகிரி தாண்டினாலே வலுவிழக்கும்.)

எனக்குப் பிடித்தது திராட்சைதான். ஸ்ட்ராவின் இரு முனையிலும் ஒவ்வொன்றாகக் குத்தி, நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஃபேனை நிறுத்தி, ஆட்டம் அடங்க வெகுநேரம் காத்திருந்து, காந்தத்தைத் தொடாமல் பக்கத்தில் வைத்தால் திராட்சை மெல்ல விலகிப் போகிறது. காந்தத்தைத் திருப்பி மறு துருவத்தைக் காட்டினாலும் விலகத்தான் செய்தது, அங்கேதான் எனக்குச் சிலிர்த்தது. திராட்சையில் பெரும்பாலும் நீர்தான். நீரில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வதால் சொந்தக் காந்தத்தன்மை கிடையாது, வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் அதற்கு எதிராக மட்டும் துளி எதிர்வினை. இந்த எதிர்ப்பு எல்லாப் பொருளிலும் உண்டு, இரும்பில் பெரிய இழுப்புக்கு அடியில் காணாமல் போகிறது.

அலுமினியத்தில்தான் ஏமாந்தேன். தொங்கவிட்ட தகடு காந்தத்தின் பின்னாலேயே வந்ததைப் பார்த்து ஒட்டுகிறது என்று நோட்டில் எழுதியும்விட்டேன். நான் காந்தத்தை வேகமாக விலக்கியதில் தகட்டில் உண்டான சுழல் மின்னோட்டத்தின் (காந்தப்புலம் மாறும்போது உலோகத்துக்குள் வட்டமாக ஓடும் மின்சாரம்) வேலை அது, வேகமாக நெருங்கினால் தகடு விலகி ஓடுகிறது. அசையாமல் வைத்துப் பார்த்தால் உண்மையான இழுப்பு மிகமிகக் குறைவு, என் நூலில் சரியாகத் தெரியவில்லை. மெல்லிய நூல் தேட வேண்டும். திராட்சையும் புதிதாக வாங்க வேண்டும், பழையதை வீட்டில் யாரோ தின்றுவிட்டார்கள்.