கிழக்குச் சரிவைப் பற்றி மட்டும் சொன்னேன்

"அதோ கீழே சாலை தெரிகிறதே, இப்படியே இறங்கிவிட முடியாதா?" என்று அந்த அம்மையார் கேட்டார். "முடியாது, கிழக்குச் சரிவில் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன" என்றேன். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரின் பிராங்க்ளின் மலைகளில் வழிகாட்டியாக இருந்த காலத்தில் நான் சொன்ன பொய்களைவிட இந்த உண்மைதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

நான் சொன்னதில் பிழையில்லை. காஸ்ட்னர் ரேஞ்ச் எனப்படும் அந்தச் சரிவில் 1926 முதல் 1966 வரை அமெரிக்க ராணுவம் பீரங்கிப் பயிற்சி நடத்தியது. 2023இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் குண்டுகள் அகன்றுவிடுவதில்லை. ஆனால் அவர் உண்மையில் கேட்டது கிழக்குச் சரிவைப் பற்றியா? "என்னால் இனி முடியாது" என்பதைத்தான், கௌரவம் குறையாமல், சாலையைக் காட்டிக் கேட்டார். அப்போது, நாங்கள் ஏறத் தொடங்கிய ஸ்மக்ளர்ஸ் கணவாயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருந்தோம். வந்த வழியே திரும்பலாம் என்பதை நான் சொல்லவில்லை. குண்டு என்ற சொல் வந்ததும் அவர் வாயடைத்துப்போனார். நான் நடக்கத் தொடங்கினேன்.

எனக்கும் காரணங்கள் இருந்தன. கையை ஊன்றி ஏறிய பாறையில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, சறுக்கினால் பிடித்துக்கொள்ள அருகில் இருப்பது ஈட்டி ஈட்டியாக நிற்கும் லெச்சுகியா கற்றாழைதான். ஆறு பேருக்கு நான் ஒருவனே வழிகாட்டி என்பதால் ஒருவரை மட்டும் தனியே திருப்பி அனுப்பவும் வழியில்லை. இவற்றையெல்லாம் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆயினும் அந்தக் கணத்தில் என் மனத்தில் ஓடியவை இவையல்ல என்பது எனக்குத் தெரியும். வண்டி, நடை முடியும் மறுமுனையான மக்கெலிகன் பள்ளத்தாக்கில் நின்றிருந்தது. திரும்புவதென்றால் அறுவரும் திரும்ப வேண்டும். தெற்கு பிராங்க்ளின் சிகரத்தைப் பார்க்கவென்றே வந்திருந்த மற்ற ஐவரின் முகங்களை நான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

'ஜன்னல்' என்று அழைக்கப்படும் பாறைத் திறப்பை ஒட்டிய இறக்கத்தில் அவர் கால்கள் நடுங்கின. ஒவ்வொரு காலையும் என் கையாலேயே பிடித்துப் பாறையில் பொருத்தினேன். அங்கே என்னிடம் இருந்த பொறுமையில் கால்பங்கு முகட்டில் இருந்திருந்தால் போதும். நல்லபடியாக இறங்கிவிட்டோம் என்பது என் முடிவு சரி என்பதற்குச் சான்றாகுமா என்று கேட்டால், ஆகாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஏதேனும் நடந்திருந்தால் அதைத் தவறு என்பதற்குச் சான்றாக எல்லோரும் கொண்டிருப்பார்கள், நான் உட்பட.

வண்டியில் அவர் தம் கணவரிடம் தொலைபேசியில், "நடுவில் விட்டுவிட்டு வர வழியே இல்லை, ஒரு பக்கம் முழுக்கக் குண்டுகளாம்" என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். முன்னிருக்கையில் இருந்த நான் திரும்பவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும், எந்த இடம் வரை திரும்பி வரலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். ஆனால் அடுத்த ஆண்டு, அதே முகட்டில், களைத்துப்போன ஓர் இளைஞர் அதே சாலையைக் காட்டியபோது, என் வாயில் முதலில் வந்தது குண்டுகளைப் பற்றிய பேச்சுதான். கணவாயைப் பற்றியும் சொன்னேன். சில நிமிடங்கள் கழித்து, அவர் மீண்டும் நடக்கத் தொடங்கிய பிறகு.