மஸ்டாங்குக்கு சைலன்சர் முடிவாயிடுச்சு

மூணு மாசமா இதே நெனப்பு. நம்ம வண்டி 1967 ஃபோர்டு மஸ்டாங் கார், 289 கன இஞ்ச் வி8 இன்ஜின், அதாவது வி வடிவத்துல பக்கத்துக்கு நாலா எட்டு சிலிண்டர். வாங்கும்போதே கிளாஸ்பேக் சைலன்சர் இருந்துச்சு, ஓட்டை போட்ட குழாயச் சுத்தி கண்ணாடி நார் அடைச்சது, சூட்டுல அந்த நார் கருகிக் கருகி வெளிய போயி கடைசில தகர டப்பா உருட்டுற சத்தம்தான் மிச்சம். அடுத்து உள்ள தடுப்புத் தகடு வெச்ச சேம்பர் டைப் போட்டேன், வண்டி நகராம ஐடில்ல ஓடிட்டு நின்னா நெஞ்சுல இறங்கும் அவ்ளோ அழகு, ஆனா ஹைவேல 2000 ஆர்பிஎம் வந்தா காருக்குள்ள ஒரே ஊங்காரம், பக்கத்துல உக்காந்த அம்மா பேசுறதே கேக்கல. அப்பவே கழட்டிட்டேன்.

வி8 தடதடப்பு எங்கேர்ந்து வருது தெரியுமா? எட்டு சிலிண்டரும் சேந்து சீராத்தான் வெடிக்குது, ஆனா ஒரு பக்கத்து நாலை மட்டும் எடுத்தா இடைவெளி ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, அதான். ரெண்டு பக்கத்துக் குழாயையும் எச் வடிவத்துல இணைச்சா அந்த தடதடப்பு அப்படியே நிக்கும், எக்ஸ் வடிவம்னா ரெண்டும் கலந்து சத்தம் வழவழன்னு ஆகி சுருதி மேல ஏறிடும். எனக்கு எச்தான் வேணும், இதுல பேச்சே இல்ல.

இப்ப ரெண்டேகால் இஞ்ச் குழாய், உள்ள புகை எஸ் மாதிரி வளைஞ்சு போற டர்போ டைப் சைலன்சர். காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணேன், குழாய் முனைல தண்ணி சொட்டுது, சத்தம் அடிவயித்துலேர்ந்து வருது. அம்மா வாசல்ல நின்னு கேட்டுட்டு, "இது நல்லாருக்குடா"ன்னாங்க.